வாக்குத்தத்த நாட்டில் மூன்று கிரயங்கள்



உடன்படிக்கையைத் தலைமுறை தலைமுறையாகக் காக்கும் தேவனைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். நம் ஜெபங்களில் ஓயாமல் வருகிற தொடர் இது. ஓயாமல் சொல்வதாலேயே அதன் கனம் நமக்கு உறைப்பதில்லை. ஆகையால் கோட்பாட்டை விட்டுவிட்டு, வேதாகமத்தில் பதிவாகியிருக்கும் மூன்று நிலக் கிரயங்களை எடுத்துக்கொள்கிறேன். மக்பேலாவில் ஆபிரகாம் வாங்கியது, சீகேமில் யாக்கோபு வாங்கியது, ஆனதோத்தில் எரேமியா வாங்கியது. வேறு கிரயங்களும் உண்டு. அர்வனாவின் களத்தை தாவீது 50 சேக்கல் வெள்ளிக்கு வாங்கினார். சமாரியா மலையை ஒம்ரி இரண்டு தாலந்துக்கு வாங்கினார். அவை அரசர்களின் கிரயங்கள். இந்த மூன்றும், தேவன் சொன்னது நிறைவேறுவதைத் தம் ஆயுளில் காணாமலே போனவர்கள் செய்தவை.

கிரயத்துக்கு முன் உடன்படிக்கையைப் பார்க்க வேண்டும். ஆதியாகமம் 15ஆம் அதிகாரம். ஆபிராம் ஒரு கிடாரியையும் வெள்ளாட்டையும் ஆட்டுக்கடாவையும் நடுவே பிளந்து, துண்டங்களை எதிரெதிராக வைக்கிறார். பறவைகளை மட்டும் பிளக்கவில்லை. பிணந்தின்னிப் பறவைகள் இறங்குகின்றன, அவற்றைத் துரத்துகிறார். பொழுது சாயும்போது அவருக்கு அயர்ந்த நித்திரை வருகிறது. இருளில் புகைகிற சூளையும் எரிகிற தீப்பந்தமும் அந்தத் துண்டங்களின் நடுவே கடந்துபோகின்றன.

இந்தச் சடங்கு அந்நாட்களில் எல்லாரும் அறிந்த ஒன்று. சிரியாவில் அலெப்போவுக்கு அருகே, செபிரே என்னும் ஊரில் கிடைத்த அராமிய மொழிக் கல்வெட்டுகள் கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அர்பாத் நாட்டு அரசன் மத்தியேல் செய்துகொண்ட உடன்பாட்டை அவை சொல்கின்றன. உடன்பாட்டை மீறினால், இந்தக் கன்று வெட்டப்பட்டதுபோல அவனும் வெட்டப்படட்டும் என்பது அதில் வரும் சாபம். எரேமியா 34ஆம் அதிகாரத்திலும் இதே வழக்கம் வருகிறது. அடிமைகளை விடுதலை செய்வதாகக் கன்றைப் பிளந்து அதன் நடுவே கடந்துபோன எருசலேமின் பிரபுக்கள், பிறகு அந்த அடிமைகளையே திரும்பப் பிடித்துக்கொண்டார்கள். பிளந்த துண்டங்களின் நடுவே நடப்பவன் தன் தலைமேல் சாபத்தை ஏற்றுக்கொண்டு நடக்கிறான்.

ஆதியாகமத்தில் நடந்தது யார்? ஆபிராம் நடக்கவில்லை. அவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். நடந்தது நெருப்பு. அதாவது தேவன். பேரரசன் முன் சிற்றரசன் நிற்க வேண்டிய இடத்தில் தேவன் வந்து நின்றார். உடன்படிக்கையின் உண்மை எதன்மேல் நிற்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் இந்த அதிகாரத்தைத்தான் காட்டுவேன். சத்தியம் செய்தவர் ஒருவர். பெற்றுக்கொண்டவர் உறக்கத்தில் இருந்தார்.

அதே இரவில் இன்னொன்றும் சொல்லப்பட்டது. அதை நாம் அவ்வளவாகப் பிரசங்கிப்பதில்லை. உன் சந்ததி அந்நிய நாட்டில் 400 வருஷம் உபத்திரவப்படும், நான்காம் தலைமுறையில்தான் திரும்பி வரும், எமோரியரின் அக்கிரமம் இன்னும் நிறைவாகவில்லை என்று தேவன் ஆபிராமிடம் சொல்கிறார். வாக்குக் கொடுத்த நேரத்திலேயே அதற்குரிய காலத்தையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். ஏற்கெனவே அந்த மண்ணில் வாழ்கிறவர்களின் கணக்கும் அவருடைய கணக்கில் இருந்தது.

இனி மக்பேலா. ஆபிராம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது வயது 75. சாராள் 127 வயதில் எபிரோனில் இறந்தபோது ஆபிரகாமுக்கு வயது 137. இடையில் 62 ஆண்டுகள். கண்ணுக்கு எட்டிய தூரம் முழுவதையும் தருவதாகச் சொல்லக் கேட்டவருக்கு, மனைவியைப் புதைக்க ஓர் அடி நிலம் சொந்தமில்லை. ஏத்தின் புத்திரர் முன் எழுந்து நின்று, தாம் அந்நியன், பரதேசி என்கிறார். ஊர்வாசலில், எல்லாரும் கேட்கும்படி பேச்சு நடக்கிறது. அவர் கேட்டது நிலத்தின் ஓரத்தில் இருந்த குகையை மட்டும். எப்பெரோன் நிலத்தையும் சேர்த்தே சொல்கிறான். முதலில் இனாமாகத் தருவதாகச் சொல்லி, பிறகு போகிறபோக்கில் 400 சேக்கல் என்று விலையை வைக்கிறான். யூதாவின் அகழ்வாய்வுகளில் கிடைத்த எடைக்கற்களின்படி ஒரு சேக்கல் 11 கிராமுக்குச் சற்று மேல். அந்தக் கணக்கில் நாலரைக் கிலோ வெள்ளி. ஆபிரகாம் பேரம் பேசவில்லை. வணிகரிடம் செல்லும் வெள்ளியாக நிறுத்துக் கொடுக்கிறார்.

அதற்குப்பின் வரும் வசனம் கிரயப் பத்திரத்தின் நடையில் இருக்கிறது. மம்ரேக்கு எதிரே உள்ள நிலம், அதிலுள்ள குகை, நிலத்தின் எல்லைக்குள் நிற்கும் மரங்கள் எல்லாம் ஆபிரகாமுக்கு உறுதியாயின என்று எழுதியிருக்கிறது. நம் சோழர் காலக் கல்வெட்டுகளில், நிலத்தை விற்கும்போது மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் என்று எழுதுவார்களே, அந்த வாசனை இதிலும் அடிக்கிறது. குகையில் சாராளும், பிறகு ஆபிரகாம், ஈசாக்கு, ரெபெக்காள், லேயாள், யாக்கோபு ஆகியோரும் அடக்கம் செய்யப்பட்டார்கள். ராகேல் மட்டும் எப்பிராத்தா வழியில், பெத்லெகேம் அருகே. இன்றும் எபிரோனில் ஏரோதின் காலத்து மதில் சூழ்ந்த அந்த இடத்தில் இஸ்லாமியரும் யூதரும் தொழுகிறார்கள். தேவன் தருவதாக ஆணையிட்ட மண்ணில் ஆபிரகாம் அந்த ஊராரை வணங்கி, முழு விலையும் கொடுத்து இடம் பெற்றார். அந்த நாட்டைப் பற்றி இன்று பேசுகிற எவரும், எந்தப் பக்கம் நின்று பேசினாலும், இந்த அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

இரண்டாவது கிரயம் சிறியது. யாக்கோபு பதான் அராமிலிருந்து திரும்பி வந்து, சீகேம் பட்டணத்துக்கு முன்பாகக் கூடாரம் போட்டு, அந்த நிலத்தை ஏமோரின் புத்திரரிடம் நூறு வெள்ளிக்காசுக்கு வாங்கினார். ஆதியாகமத்தில் இதற்கு ஒரே வசனம். அதன் முழுப் பொருளும் யோசேப்பின் எலும்புகளோடுதான் தெரியவருகிறது.

யோசேப்பு 17 வயதில் விற்கப்பட்டார். 110 வயதில் எகிப்தில் இறந்தார். பார்வோனுக்கு அடுத்த இடத்தில் இருந்தவர். விரும்பியிருந்தால் எகிப்தில் அவருக்கு எப்படிப்பட்ட கல்லறையும் கிடைத்திருக்கும். அவரோ, தேவன் உங்களைச் சந்திப்பார், அப்போது என் எலும்புகளை இங்கிருந்து கொண்டுபோங்கள் என்று சகோதரரிடம் ஆணை வாங்கிக்கொண்டார். தகப்பன் யாக்கோபு இறந்தபோது எகிப்தின் பெரியோர்களும் ரதங்களும் சூழ, பிரேதம் மக்பேலாவுக்கே கொண்டுபோகப்பட்டது. தமக்கும் அப்படியே செய்யும்படி அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தம் ஜனம் போகும்வரை அவர்களோடு காத்திருப்பதைத் தெரிந்துகொண்டார். எகிப்திலே ஒரு பெட்டியில் வைக்கப்பட்ட அவருடைய உடலோடு ஆதியாகமம் முடிகிறது.

பிறகு யாத்திராகமம். யோசேப்பை அறியாத புதிய ராஜா, செங்கல், நைல் நதியில் எறியப்பட்ட ஆண்பிள்ளைகள். இஸ்ரவேலர் எகிப்தில் குடியிருந்த காலம் 430 வருஷம் என்கிறது யாத்திராகமம். அந்தத் தலைமுறைகளில் பெரும்பாலோரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர்களிடம் இருந்ததெல்லாம் ஓர் ஆணையும் ஒரு பெட்டியும். சேற்றைக் குழைத்துக் களைத்துப்போன ஒரு தாய் தன் பிள்ளையிடம், அந்தப் பெட்டி ஏன் அடக்கம் செய்யப்படாமல் இருக்கிறது என்று விளக்க வேண்டியிருந்திருக்கும். வேதம் இதைச் சொல்லவில்லை. நான் நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் யாராவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் புறப்படும் நேரத்தில், அத்தனை பரபரப்பில், மோசே அந்த எலும்புகளைத் தேடி எடுத்துக்கொண்டிருக்க முடியாது.

அவை 40 ஆண்டுகள் வனாந்தரத்தில் சுமக்கப்பட்டன. எண்ணப்பட்டவர்களில் 20 வயதுக்கு மேற்பட்டிருந்தவர்கள் யோசுவாவும் காலேபும் தவிர வழியிலேயே மாண்டார்கள். மோசேயும் நேபோ மலையில் நின்று நாட்டைப் பார்த்ததோடு சரி. யோர்தானைக் கடந்து போனவற்றில் யோசேப்பின் எலும்புகளும் இருந்தன. யோசுவாவின் புத்தகத்தின் கடைசியில், சீகேமில், யாக்கோபு நூறு வெள்ளிக்காசுக்கு வாங்கிய அந்த நிலத்தில் அவை அடக்கம் செய்யப்பட்டன. யோசேப்பு வாங்கிக்கொண்ட ஆணையைக் காப்பாற்றியவர்களில் ஒருவரும் அவரைக் கண்ணால் கண்டவரில்லை.

மாணவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். பிதாக்களின் அக்கிரமத்தை மூன்றாம் நான்காம் தலைமுறைவரைக்கும் விசாரிக்கிறவர் என்று அதே வேதம் சொல்கிறதே, அதுவும் தலைமுறைக் கணக்குத்தானே? நல்ல கேள்வி. மூன்று நான்கு தலைமுறை என்பது, ஒரு மனிதன் நீண்ட ஆயுளோடு இருந்தால் தன் வீட்டிலேயே கண்ணால் காணக்கூடிய அளவு. தகப்பன் செய்த தீமையின் விளைவு அவன் கண்ணெதிரே பேரன், கொள்ளுப்பேரன்வரை வீட்டைப் பாதிக்கிறது என்பது எந்த ஊரிலும் நடப்பதுதான். உபாகமம் 7ஆம் அதிகாரமோ கிருபைக்கு ஆயிரம் தலைமுறை என்று கணக்குச் சொல்கிறது. கண்ணால் காண முடியாத தூரம் அது. நான்குக்கும் ஆயிரத்துக்கும் உள்ள இடைவெளியில்தான் தேவனுடைய மனம் தெரிகிறது. கோராகு மோசேக்கு விரோதமாக எழும்பி அழிந்தான். ஆனால் அவன் குமாரர் சாகவில்லை என்று எண்ணாகமம் 26ஆம் அதிகாரம் ஒரு வரியில் சொல்லிச் செல்கிறது. பல சங்கீதங்களின் தலைப்பில் கோராகின் புத்திரர் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வரி நினைவுக்கு வரும். பிளந்த பூமியின் விளிம்பிலிருந்து மிஞ்சிய வீடு ஆலயத்தில் பாட வந்தது.

உண்மையுள்ளவர் என்று நாம் அறிக்கையிடுகிற தேவனிடம் முறையிடவும் வேதம் இடம் கொடுக்கிறது. 89ஆம் சங்கீதம் 52 வசனங்கள் கொண்டது. எஸ்ராகியனாகிய ஏத்தானின் பெயரில் இருப்பது. முதல் 37 வசனங்கள் தாவீதோடு தேவன் செய்த உடன்படிக்கையைத் துதிக்கின்றன. 38ஆம் வசனத்தில் அது முற்றிலும் திரும்பி, நீரே அதைத் தள்ளிவிட்டீர் என்று குற்றஞ்சாட்டுகிறது. முந்தின கிருபைகள் எங்கே என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்குச் சங்கீதத்திற்குள் பதில் கிடையாது. கடைசியில் வருவது ஒரு துதி வரி மட்டும். உடன்படிக்கை என்று ஒன்று இருப்பதால்தான் இப்படிக் கேட்க முடிகிறது. வாக்கே கொடுக்காதவரிடம் யாரும் வாக்கைக் கேட்க மாட்டார்கள். துக்க வீட்டில் நிற்கிற விசுவாசியின் வாயை, துதி மட்டும் செய் என்று சொல்லி நாம் அடைக்கக் கூடாது.

தாவீதின் வம்சத்துக்கு என்ன ஆயிற்று? ஒருமுறை அத்தாலியாள் ராஜவம்சத்தையே கொன்றபோது, யோசேபாள் என்னும் பெண், குழந்தை யோவாசை ஆறு ஆண்டுகள் ஆலயத்தில் ஒளித்து வளர்த்தாள். பிறகு கி.மு. 597இல் இளம் ராஜா யோயாக்கீன் பாபிலோனுக்குச் சிறை போனார். ராஜாக்களின் இரண்டாம் புத்தகம், 37 ஆண்டுகளுக்குப்பின் ஏவில்மெரொதாக் அவரைச் சிறையிலிருந்து எடுத்துத் தன் பந்தியில் உட்காரவைத்ததோடு முடிகிறது. ஜெர்மானிய அகழ்வாய்வாளர் ராபர்ட் கோல்டவே பாபிலோனில் தோண்டியபோது கிடைத்த களிமண் பலகைகளில் எண்ணெய்ப் படிக் கணக்குகள் இருந்தன. எர்ன்ஸ்ட் வைட்னர் 1939இல் அவற்றை வெளியிட்டார். யூதாவின் ராஜா யோயாக்கீனுக்கும் அவருடைய ஐந்து குமாரருக்கும் அளந்த எண்ணெய் அதில் எழுதப்பட்டிருக்கிறது. பாபிலோனின் கணக்கப்பிள்ளைக்கு அது அன்றாடக் கணக்கு. மத்தேயு முதலாம் அதிகாரத்தின் வம்ச அட்டவணையில் எகொனியா என்று வாசிக்கிறோமே, அவரே இந்த யோயாக்கீன். அந்த வம்சம் சிறைக்குள் உயிரோடு இருந்ததை, சிறைவைத்தவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள்.

இப்போது மூன்றாவது கிரயம். சிதேக்கியாவின் 10ஆம் ஆண்டு. பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் விழப்போகிறது என்று சொன்னதற்காக எரேமியா காவல் வீட்டின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அவருடைய பெரிய தகப்பன் சல்லூமின் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள், மீட்கும் உரிமை உனக்குத்தான் என்கிறான். ஆனதோத் எருசலேமுக்கு வடகிழக்கே சில கல் தொலைவில் உள்ள ஊர். முற்றுகையிட்ட சேனையின் கைக்குள் இருக்கும் நிலம். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. இதே ஆனதோத்தின் மனிதர் முன்பு எரேமியாவின் பிராணனை வாங்கத் தேடியவர்கள். 11ஆம் அதிகாரம் அதைச் சொல்கிறது. தம்மைக் கொல்லத் தேடிய ஊரில் அவர் நிலம் வாங்குகிறார்.

17 சேக்கல் வெள்ளி. பத்திரம் எழுதி, முத்திரையிட்டு, சாட்சிகளை வைத்து, தராசில் நிறுக்கிறார். முத்திரை போட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் நேரியாவின் மகன் பாருக்கிடம் கொடுத்து, அநேக நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இந்த நாட்டில் வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் மறுபடியும் வாங்கப்படும் என்பது செய்தி. எல்லாம் முடிந்தபின்தான் எரேமியா ஜெபிக்கிறார். அந்த ஜெபத்தில் குழப்பம் இருக்கிறது. முற்றுகை மேடுகள் நகரத்தைத் தொட்டுவிட்டன, நீரோ பணம் கொடுத்து நிலம் வாங்கச் சொன்னீரே என்கிறார். கையெழுத்து முதலில் விழுந்தது. கேள்வி பின்னால் வந்தது. விசுவாசத்தை நான் எரேமியாவிடம் இப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

எருசலேம் கி.மு. 586இல் விழுந்தது, 587 என்போரும் உண்டு. எரேமியாவை அவருடைய ஜனமே எகிப்துக்கு இழுத்துப்போனது. ஆனதோத் நிலத்தில் அவர் ஒருநாளும் விதைக்கவில்லை. கி.மு. 538இல் கோரேசின் கட்டளை பிறந்தபின் திரும்பி வந்தவர்களின் பட்டியல் எஸ்றா 2ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சபையில் வாசிக்க வந்தால் நாம் தாண்டிச் செல்கிற அதிகாரம். அதில் 23ஆம் வசனம் ஆனதோத்தின் மனிதர் 128 பேர் என்கிறது. நெகேமியா 7இலும் அதே எண்ணிக்கை.

எருசலேமின் பழைய நகருக்குத் தென்மேற்கே, இன்னோம் பள்ளத்தாக்கை ஒட்டிய கேத்தேஃப் இன்னோம் என்னும் இடத்தில், கேப்ரியல் பர்காய் 1979இல் ஒரு கல்லறையைத் தோண்டியபோது சுருட்டிய வெள்ளித் தகடுகள் இரண்டு கிடைத்தன. பெரியது விரித்தால் 97 மில்லிமீட்டர் நீளம். எரேமியாவின் காலத்தை ஒட்டியவை. இரண்டிலும் எண்ணாகமத்தின் ஆசாரிய ஆசீர்வாதம் கீறப்பட்டிருக்கிறது. பெரிய தகட்டில், தம்மை நேசிக்கிறவர்களுக்கு உடன்படிக்கையையும் கிருபையையும் காக்கிறவர் என்னும் பொருளில் உபாகமத்தின் வாக்கை ஒத்த வரியும் இருக்கிறது. எருசலேம் தடுமாறிய அந்த யுகத்தில் யாரோ அதை உடலோடு அணிந்திருந்தார்கள். அது அவர்களுடைய கல்லறைக்குள்ளும் போயிற்று.

இங்கே நம் சபைகளைப் பற்றி ஒரு வார்த்தை. புத்தாண்டு ஆராதனையில் நமக்கு வாக்குத்தத்த வசனம் கிடைக்கிறது. அட்டையை வீட்டுச் சுவரில் மாட்டுகிறோம். அந்த வழக்கத்தை நான் நேசிக்கிறேன். ஆனால் ஓராண்டுக்கென்று வாங்குகிற வாக்கை, டிசம்பரில் நிறைவேறிற்றா என்று கணக்குப் பார்க்கிற மனம் எப்படியோ வந்துவிட்டது. அட்டைகளில் அதிகம் காண்கிற வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. முடிவைக் கொடுக்கும்படி சமாதானத்துக்கேதுவான நினைவுகளைப் பற்றியது. அதற்கு முந்தின 10ஆம் வசனம் 70 வருஷம் என்கிறது. பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. அதை வாசித்த பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்புவதற்கு வழியில்லை. ஆகவே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், பிள்ளைகளுக்குப் பெண் கொள்ளுங்கள் என்று அந்தக் கடிதம் சொல்கிறது. வாக்குத்தத்தம் நிச்சயம் அவர்களுக்குத்தான் கொடுக்கப்பட்டது. நிறைவேறியதைக் கண்டவர்கள் பேரப்பிள்ளைகள். 11ஆம் வசனத்தை அட்டையில் அச்சிடுகிறவர்கள் 10ஐயும் சேர்த்து அச்சிட வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன். வாக்கின் நீளம் தெரிந்தால், ஒரு வருஷம் வறண்டுபோனதற்காக நம் மக்கள் தேவனை விட்டுத் தளர மாட்டார்கள்.

புதிய ஏற்பாட்டுக்கு வருவோம். யோவான் 4ஆம் அதிகாரத்தில் இயேசு பிரயாணத்தால் இளைப்படைந்து உட்காருகிற இடம் எது? யாக்கோபு தன் மகன் யோசேப்புக்குக் கொடுத்த நிலத்துக்கு அருகே உள்ள சீகார் ஊர், யாக்கோபின் கிணறு. நூறு வெள்ளிக்காசு நிலத்தின் பக்கம். எம் பிதாவாகிய யாக்கோபைவிட நீர் பெரியவரோ என்று கேட்பவள் ஒரு சமாரியப் பெண். யூதர் பங்கில்லை என்று தள்ளிவைத்தவர்களில் ஒருத்தி. வாக்குத்தத்தத்தின் கிணற்றில் தண்ணீர் கேட்டவர், பிறகு அந்த ஊரில் இரண்டு நாள் தங்கினார்.

எபிரெயர் 11ஆம் அதிகாரம், முற்பிதாக்கள் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டவைகளை அடையாமல், தூரத்திலே கண்டு மரித்தார்கள் என்கிறது. அதன் முடிவில் சொல்கிற காரணம் நம்மை அதிரவைக்க வேண்டும். நம்மையல்லாமல் அவர்கள் பூரணராகாதபடிக்கு தேவன் ஏற்பாடு செய்தார் என்கிறது. ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்கு ஆபிரகாமின் ஆயுளுக்குள் அடங்கவில்லை. அதற்குள் நமக்கும் இடம் இருந்தது.

அந்த இடம் எப்படிக் கிடைத்தது என்பதைப் பவுல் ரோமர் 9 முதல் 11 வரை எழுதுகிறார். அவரை வாட்டிய கேள்வி, தேவன் தம் ஜனத்தைத் தள்ளிவிட்டாரோ என்பதே. இல்லை என்கிறார். தேவன் தந்த வரங்களும் அழைப்பும் திரும்பப் பெறப்படுவதில்லை என்று முடிக்கிறார். நாம் காட்டொலிவக் கிளைகள். இஸ்ரவேலின் வேரில் ஒட்டவைக்கப்பட்டவர்கள். கிளை வேரைச் சுமக்கவில்லை, வேர்தான் கிளையைச் சுமக்கிறது என்று ரோம் நகரத்துப் புறவினத்தாரை எச்சரிக்கிறார். திருச்சபை வரலாற்றில் இந்த எச்சரிக்கையைக் கேளாமல், இஸ்ரவேலைத் தேவன் கைவிட்டார், அந்த இடத்துக்கு நாங்கள் வந்தோம் என்று போதித்தவர்கள் உண்டு. அந்தப் போதனையால் யூதர் பட்ட பாடு ஐரோப்பா அறியும். நம் பிரசங்க மேடைகளிலும் அது அவ்வப்போது ஒலிக்கிறது. அப்படிப் பிரசங்கிக்கிறவர் தாம் நிற்கும் கிளையையே வெட்டுகிறார். ஆபிரகாமின் பிள்ளைகளுக்கு ஆணையிட்டதை மீறக்கூடியவராகத் தேவன் இருந்தால், ஞானஸ்நானத் தொட்டியருகே நம் பிள்ளைகளுக்காக அவரிடம் கேட்பதற்கு நமக்கு எந்த ஆதாரமும் இல்லை.